பரிசம் யார் போடுவது?

போன தை மாதம் பொட்டிப்புரத்தில் ஒரு பரிசத்துக்குப் போயிருந்தேன். பெண் எனக்கு மகள் முறை. முற்றத்தில் நின்றால் மேற்கே மலை தெரியும். நியூட்ரினோ ஆய்வகத்துக்குக் குடையப்போவதாக ஊரெல்லாம் பேசிய மலை அது. மாப்பிள்ளை வீட்டார் தேங்காய், பழம், பூ, பரிசச் சேலை என்று தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து வைத்தார்கள். போதகர் ஐயா ஜெபித்துவிட்டு, ஈசாக்குக்குப் பெண் தேடிப்போன கதையை ஆதியாகமம் 24-ஆம் அதிகாரத்திலிருந்து வாசித்தார். எனக்குத் தலை நிமிரவில்லை. பெண் வீட்டார் எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம் தருவது என்பது முந்தின வாரமே பேசி முடிந்திருந்தது. பேசிய இடத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

பரிசம் என்ற சொல் தமிழ் வேதாகமத்தில் அப்படியே இருக்கிறது. யாக்கோபின் மகள் தீனாளைப் பெண் கேட்டு வந்த சீகேம் தருவதாகச் சொன்னது பரிசம். தன் மகளைக் கொடுக்கத் தாவீதிடம் சவுல் ராஜா பேசியதும் பரிசம்தான். எபிரெயத்தில் மோகார் என்பார்கள். மாப்பிள்ளை வீடு பெண்ணின் தகப்பனுக்குக் கொடுப்பது. மொழிபெயர்த்தவர்கள் அதற்குச் சொல் தேடி அலையவேண்டியிருக்கவில்லை. நம் பக்கத்திலும் அதுவே வழக்கமாக இருந்தது. என் அப்பத்தாவைப் பரிசப்பணம் கொடுத்துத்தான் தாத்தா வீட்டார் கட்டிக்கொண்டு வந்தார்கள். இன்றைக்கும் சடங்குக்குப் பெயர் பரிசம்தான். பணம் மட்டும் எதிர்ப்பக்கமிருந்து வருகிறது.

ஈசாக்குக்குப் பெண் தேடிப்போன ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபெக்காளின் கைகளுக்குப் போட்ட இரண்டு கடகங்களும் பத்துச் சேக்கல் எடை. ஒரு சேக்கல் ஏறத்தாழ 11 கிராம் என்றால், சுமார் 14 பவுன். மாப்பிள்ளை வீட்டுப் பொன் அது. கையில் காசில்லாத யாக்கோபு ராகேலுக்காக ஏழு வருஷம் ஆடு மேய்த்தான். அக்கா லேயாளைக் கொடுத்து மாமன் ஏமாற்றியபின் இன்னும் ஏழு. பிற்பாடு லேயாளும் ராகேலும் தகப்பனை நொந்துகொள்கிறார்கள்: எங்களை விற்று, எங்கள் பணத்தையும் தின்றுவிட்டாரே என்று. அந்தப் பணம் பெண்ணுக்குத் துணையாக நின்றிருக்கவேண்டும் என்ற ஆதங்கம் அதில் இருக்கிறது.

பெண் வீட்டார் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று சொல்லமாட்டேன். காலேப் தன் மகள் அக்சாளுக்கு நிலம் கொடுத்தான். அவள் கழுதையிலிருந்து இறங்கி, வறண்ட நிலத்தைக் கொடுத்தீரே, தண்ணீரும் தாரும் என்று கேட்டாள். மேலும் கீழுமாக ஊற்றுகள் கிடைத்தன. மானாவாரிக் காட்டில் மழையைப் பார்த்து நிற்கும் எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கேள்வி புரியும். ஆனால் கேட்டது மகள், தன் அப்பாவிடம், தனக்காக. மருமகன் வந்து பட்டியல் நீட்டவில்லை.

நான் நீட்டினேன். என் மாமனாருக்குக் கம்பம் பக்கம் அரை ஏக்கர் திராட்சைத் தோட்டம் இருந்தது. எங்கள் கல்யாணத்துக்காக அதை விற்றார். நான் தினமும் காலையில் வேதம் வாசிக்கிறவன். அப்போதும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பந்தல் வரும் இடத்தில் என் மனைவி ஜன்னல் பக்கம் பார்ப்பதில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சபை மணவாட்டி, கிறிஸ்து மணவாளன் என்று ஞாயிறுதோறும் பாடுகிறோம். மணவாளன் சபைக்காகத் தம்மையே கொடுத்தார் என்று எபேசியருக்கு எழுதிய பவுல், புருஷர்களும் மனைவியை அப்படி நேசிக்கவேண்டும் என்கிறார். கொடுத்தவர் மணவாளன், மணவாட்டி வெறுங்கையோடு வந்தவள். அந்நாள் யூதர்களுக்கு நிச்சயம் என்பது வெறும் பேச்சு அல்ல. மரியாளோடு கூடிவாழும் முன்பே யோசேப்பு புருஷன் எனப்பட்டான். விலகவேண்டுமானால் தள்ளிவிடத்தான் வேண்டும். அப்படிப் பார்த்தால் விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே பரிசத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவிலுள்ள காலம், விலை கொடுக்கப்பட்டுவிட்டது என்ற நிம்மதியோடு காத்திருக்கும் காலம். எங்கள் வீடுகளில் அதே இடைவெளியில்தான் பெண்ணைப் பெற்றவர் கடனுக்கு அலைகிறார்.

1704-இல் ரோமாபுரியின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் இருந்துகொண்டு, பிள்ளையார் உருவம் உள்ள தாலியைக் கிறிஸ்தவர்கள் கட்டக்கூடாது என்று ஆணையிட்டார். அதை ஒட்டிய சண்டை பல பத்தாண்டுகள் நீண்டது. தாலியில் சிலுவையா, புறாவா என்பதில் இன்றும் கவனமாக இருக்கிறோம். தாலிக்குப் பின்னால் நடக்கும் பேரத்திலும் அந்தக் கவனம் வேண்டாமா? வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று 1961-இலேயே சட்டம் சொல்லிவிட்டது. சபையில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை உண்டா என்று கேட்கிறார்கள். கேட்கும்போது எல்லாரும் அமைதியாக இருக்கிறோம்.

ரெபெக்காளின் வீட்டார் அவள் வாய்ப்பிறப்பைக் கேட்போம் என்று பெண்ணையே அழைத்து விசாரித்தார்கள். பொட்டிப்புரத்திலும் தாம்பூலம் மாற்றுமுன் அத்தை ஒருத்தி, "ஏத்தா, ஒனக்குச் சம்மதந்தானா? வாயத் தெறந்து சொல்லு" என்றாள். "சம்மதம்" என்றது பிள்ளை. நகையைப் பற்றி அவளை யாரும் கேட்கவில்லை.

சாப்பாடு முடிந்து மாப்பிள்ளையின் அப்பா வேனுக்கு நடந்தபோது கூடவே போனேன். "மச்சான், ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்து, அரை ஏக்கர் திராட்சைத் தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். வெளியாளிடம் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார்.

"பையன்கிட்டப் பேசுறேன் மச்சான்."

கல்யாணம் வைகாசியில்.