நோயும் நோதலும்

நுழையும்முன்

உடலுக்கு வருவது வேறு, உள்ளத்திற்கு வருவது வேறு என்று பிரித்துப் பார்ப்பது மக்கள் வழக்கம். அவ்விரண்டிற்கும் உள்ள உறவை, இரவும் பகலும் இயங்கும் ஒரு தொழில் நிலத்தின் பின்னணியில் எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

ஒரு சொல், இரு பொருள்

தமிழில் ‘நோய்’ என்னும் சொல் உடற்பிணியைக் குறிக்கும்; உள்ளத்தின் வருத்தத்தையும் குறிக்கும். பிரிவால் வாடும் தலைவியின் மேனி நிறம் மாறுவதைப் புலவர்கள் ‘பசலை’ என்றனர். திருவள்ளுவர் அதற்கெனப் ‘பசப்புறு பருவரல்’ என்னும் அதிகாரத்தையே வகுத்தார். உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதைத் தொல்காப்பியர் ‘மெய்ப்பாடு’ என்றார். உள்ளம் நொந்தால் உடல் அறியும் என்னும் பட்டறிவு இச்சொற்களில் பொதிந்துள்ளது. அதனை இன்றைய மருத்துவம் அளந்து பார்க்க முயல்கிறது.

தன்னையே தாக்கும் காவல்

உடலின் எதிர்ப்பாற்றல் ஊர்க்காவலைப் போன்றது. நுழையும் கிருமிகளை அடையாளம் கண்டு அழிப்பது அதன் கடமை. சிலருக்கு அக்காவல் சொந்த உடலையே பகையெனக் கருதித் தாக்குகிறது. இவ்வாறு தோன்றுபவையே தன்னெதிர்ப்பு நோய்கள். மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதமும், தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸும் இவ்வகையின. முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. லூபஸ் நோயாளிகளுள் பத்தில் ஒன்பது பேர் பெண்கள்.

உறங்காத நிலம்

இராமானுசர் பிறந்த திருப்பெரும்பூதூர், இன்று ஒரகடத்தோடு இணைந்து மகிழுந்தும் கைப்பேசியும் உருவாகும் பெருந்தொழில் நிலமாக விளங்குகிறது. பெண்கள் ஆலைகளில் இரவுப்பணி செய்வதற்கு இருந்த சட்டத் தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் நீக்கியது. அதன்பின் வளர்ந்த மின்னணு ஆலைகளில், தம் ஊரை விட்டு வந்த இளம்பெண்கள் பல்லாயிரவர் பணியேற்றனர். அப்பணி அவர்களுக்குச் சொந்த வருவாயையும் தன்மதிப்பையும் தந்தது.

முறைப்பணி மாறும்போதெல்லாம் உறக்கமும் உணவும் நேரம் மாறுகின்றன. பணி நிலைக்குமா என்னும் அச்சமும் உடன் வருகிறது. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அவ்வச்சத்தை நேரில் கண்டன.

உள்ளம் உடலைத் தொடும் வழி

அச்சம் எழும்போது மூளையின் ஆணையால் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசாலைச் சுரக்கிறது. அது உடலின் அழற்சியை அடக்கும் இயல்புடையது. அதன் இனத்ததான கார்ட்டிசோனை 1948இல் அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளிக்குச் செலுத்தினார். நடக்க இயலாதிருந்தவர் சில நாள்களில் நடந்தார். அப்பணிக்காக 1950இல் ஹென்ச் உள்ளிட்ட மூவர் நோபல் பரிசு பெற்றனர்.

அழற்சியை அடக்கும் பொருளைச் சுரக்கச் செய்யும் மன அழுத்தம், நோயை எவ்வாறு மிகுவிக்கும்? நாள்தோறும் காரணமின்றி ஒலிக்கும் அபாயச் சங்கை ஊரார் பொருட்படுத்துவதில்லை. அவ்வாறே அழுத்தம் நெடுநாள் நீடித்தால், உயிரணுக்கள் கார்ட்டிசாலின் ஆணைக்குச் செவிசாய்ப்பது குறைகிறது; அழற்சி கட்டுக்கு அடங்காமல் போகிறது.

சுவீடனில் மன அழுத்தம் சார்ந்த நோயுடையோர் 1,06,464 பேரை ஆராய்ந்து 2018இல் முடிவு வெளியிட்டனர். அவர்களுள் ஆண்டுக்கு ஆயிரவரில் ஏறத்தாழ 9 பேருக்கும், ஏனையோருள் 6 பேருக்கும் தன்னெதிர்ப்பு நோய் தோன்றியிருந்தது. தொடர்பு உண்டு என்பதை இது காட்டுகிறது. கவலை ஒன்றே காரணம் என்று மெய்ப்பிக்கவில்லை. மரபணு, தொற்று, புகைப்பழக்கம் முதலியவற்றுக்கும் பங்குண்டு. நோயும் தன் பங்கிற்குக் கவலையைப் பெருக்குகிறது.

பழியும் பரிவும்

ஆதலால், “நீ கவலைப்பட்டதால்தான் இந்நோய் வந்தது” என்று நோயாளியைப் பழிப்பது அறியாமை. “கவலைப்படாதே” என்று கூறி அமைவதும் மருந்தாகாது. காலையில் விரல் மூட்டுகள் நெடுநேரம் விறைத்திருந்தால், ‘வேலைக் களைப்பு’ என்று தள்ளிவிடாமல் மருத்துவரை நாட வேண்டும். தொடக்கத்திலேயே மருத்துவம் செய்தால் மூட்டுகள் சிதைவதைத் தடுக்கலாம். மனம் தேறியது என்று மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

நல்லுறக்கமும் மூச்சுப்பயிற்சியும் துணைசெய்யும். ஆயினும், உறங்கும் நேரத்தை முறைப்பணி முடிவு செய்யுமிடத்து, உறக்கத்தைத் தனிமனிதர் கடமையாக மட்டும் கருத இயலாது. முன்கூட்டியே அறிவிக்கப்படும் பணிமுறை, அஞ்சாமல் கேட்டுப்பெறும் மருத்துவ விடுப்பு, அமைதியான உறைவிடம் ஆகியவையும் நலம் காப்பனவே. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குமாறு 2024இல் திறக்கப்பட்ட பணியாளர் குடியிருப்பு, அவ்வழியில் ஒரு தொடக்கம். நோயாளிக்கு மருந்து கொடுப்பவர் மருத்துவர். அவர் நோதலைக் குறைக்கும் பொறுப்பு வீட்டிற்கும் ஆலைக்கும் அரசுக்கும் உரியது.

கற்பவை கற்றபின்

1. ‘நோய்’ என்னும் சொல் இலக்கியத்திலும் பேச்சு வழக்கிலும் வரும் பொருள்களைத் தொகுக்க.
2. இரவுப்பணி செய்யும் ஒருவரிடம் அவரது உறக்கம், உணவு, ஓய்வு பற்றிக் கேட்டு, அவர் பெயரைக் குறிப்பிடாமல் ஒரு பக்க அளவில் எழுதுக.