கண்ணு தெரியலியா ஐயா?

எங்கள் வீட்டு ஹாலுக்குள் வருகிறவர்கள் முதலில் தலையைக் குனிவார்கள். பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஊஞ்சல் கொக்கியில் ஒரு ஸ்பிட்ஃபயர் தொங்குகிறது. இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை 1.6 மீட்டர், ஐந்தேகால் அடி.

"பேரப் பிள்ளைங்களுக்கு ஊஞ்சல் கட்ட வேண்டிய கொக்கி. இவர் ஏரோப்ளேனைக் கட்டி வெச்சிருக்கார்" என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். புகார்தான். ஆனால் வாரம் ஒருமுறை அதன்மேல் தூசி தட்டுகிறவளும் அவள்தான்.

"இந்த வயதில் இது எதற்கு?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். இன்று அதற்குப் பதில் சொல்லி, கூடவே நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு கிராமம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட விமான ஓடுதளம் ஒன்று அங்கே உண்டு. நான் பார்த்த காலத்தில் அதில் விமானம் எதுவும் இறங்கவில்லை. வேர்க்கடலை காயப் போட்டிருப்பார்கள். அந்தச் சூடான தரையில் வெறுங்காலோடு ஓடி, இரண்டு கையையும் விரித்து "டுர்ர்ர்" என்று கத்தியவன் நான்.

1971-ல் விமானப் படையில் சேர்ந்தேன். பைலட்டாக அல்ல, ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக. இருபது வருஷம். பெரும்பாலும் ஹண்டர் விமானங்கள். விமானம் கிளம்புவதற்கு முன்னால் ஃபார்ம் 700 என்று ஒரு பதிவேடு வரும். என் பங்கு வேலையை முடித்து நான் அதில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் கையெழுத்துகளைப் பார்த்த பிறகுதான் பைலட் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஏறுவார். ஒரு ஸ்க்ரூ டிரைவர் கணக்கில் குறைந்தால்கூட அது கிடைக்கும்வரை விமானம் நகராது. இருபது வருஷத்தில் ஒரு பொய் வரி எழுதியதில்லை என்பதுதான் என் சொத்து. விமானத்தைத் தொட்டுத் தொட்டு அனுப்பினேன். ஓட்டியது மட்டும் இல்லை.

பிறகு சர்க்கரை ஆலையில் பராமரிப்பு வேலை, 2010-ல் ஓய்வு. 2016-ல் என் மகன் ஒரு சின்ன ரிமோட் விமானம் வாங்கிக் கொடுத்தான். முதல் நாளே மரத்தில் மோதினேன். ஆனால் மோதுவதற்கு முன்னால் நாற்பது விநாடி அது என் கட்டைவிரலுக்குக் கட்டுப்பட்டுப் பறந்தது. அறுபத்து நான்கு வயதில் அந்த நாற்பது விநாடி என்னை என்ன செய்தது என்று எழுதத் தெரியவில்லை.

இப்போதைய பெரிய விமானங்கள் எல்லாம் ஃபோமில் வருகின்றன. அந்தக் காலத்தில் பால்சா மரத்தில் மாதக் கணக்கில் உட்கார்ந்து கட்டுவார்கள். ஒரு முறை விழுந்தால் அள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான். இந்த ஃபோமுக்கு இ.பி.ஓ. என்று பெயர். பார்க்கத் தெர்மாகோல் போல இருக்கும், ஆனால் உதிராது. தெர்மாகோலில் ஃபெவிக்விக் பட்டால் உருகிவிடும், இதில் ஒட்டும். நசுங்கின இடத்தில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் பூரி மாதிரி மெல்ல உப்பி எழும். அதே காரணத்தால் வெயிலில் பூட்டின காருக்குள் வைத்துவிட்டால் கொப்புளம் போட்டுவிடும். மூன்றரைக் கிலோ எடை, ஆறு செல் பேட்டரி, நாலு அலகு ப்ரொப்பெல்லர். பொம்மை என்று நினைத்து விரலை நீட்டினால் விரல் இருக்காது. பேட்டரி சார்ஜ் ஆவது பின்கட்டில், மண் சட்டிக்குள். பக்கத்திலேயே நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். லிப்போ பேட்டரி தீப்பிடித்தால் சுலபத்தில் அணையாது.

பெரிதாக ஏன் வாங்கினேன் என்றால், வயதானவனுக்குப் பெரிதுதான் சுலபம். காற்றுக்கு அதிகம் ஆடாது. தூரத்திலும் கண்ணுக்குத் தெரியும். இந்த இரண்டாவது காரணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிட்ஃபயர் வேண்டாம், மஸ்டாங் வாங்குங்கள் என்று பழகினவர்கள் சொன்னார்கள். ஸ்பிட்ஃபயருக்குச் சக்கரங்கள் நெருக்கமாக இருக்கும், இறங்கும்போது இறக்கை தரையில் தட்டும், மூக்குக் குத்தும். மஸ்டாங்குக்குக் கால் அகலம். ஆனால் பர்மா போர்முனையில் நம் இந்திய விமானப் படை ஓட்டியது ஸ்பிட்ஃபயர். டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் அதைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். அதனால் அதுதான் என்று பிடிவாதமாக வாங்கினேன்.

அடையாள வட்டத்தைக்கூட நானே மாற்றி வரைந்தேன். பிரிட்டிஷ் வட்டத்தின் நடுவில் சிவப்பு இருக்கும். ஜப்பான்காரனின் அடையாளம் சிவப்பு வட்டம் என்பதால், நம்மவர்களே குழம்பிச் சுட்டுவிடக் கூடாதென்று கிழக்குப் போர்முனையில் அந்தச் சிவப்பை எடுத்துவிட்டார்கள். அதனால் நீலத்துக்குள் வெளிர்நீலம். எதிர்வீட்டுப் பையன், என்ஜினீயரிங் படிக்கிறான், என்னோடு ஏரிக்கு வருகிறவன், ஒரு யோசனை சொன்னான். "தாத்தா, இறக்கைக்கு அடியில் கறுப்பு வெள்ளைப் பட்டை அடிச்சிடலாம். மேல போனா எந்தப் பக்கம்னு தெரியும்."

"அது 1944-ல் நார்மண்டிக்குப் போன விமானத்துக்கு அடித்த பட்டைடா. என்னுடையது பர்மாவுக்குப் போனது" என்று சொல்லிவிட்டேன். பச்சையும் பழுப்பும் மேலே, சாம்பல் கீழே. பார்க்க அசல். அந்த வண்ணம் எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று நான் யோசிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போவதற்காக அடித்த வண்ணம் அது.

ரிமோட் விமானத்தில் எல்லோருக்கும் சிக்கல் கொடுப்பது ஒன்றுதான். விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது அதன் வலது நம் வலது. நம்மை நோக்கி வரும்போது அதன் வலது நம் இடது. இதற்கு ஒரு சுலப வழி உண்டு. எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு, தாழ்ந்த தோளுக்கு முட்டுக் கொடுப்பது போல. நூறு முறை செய்தால் விரலுக்கே வந்துவிடும். ஆனால் விமானம் வருகிறதா போகிறதா என்று முதலில் கண் சொல்ல வேண்டும்.

போன வருஷம் சித்திரை. விழுப்புரத்துக்குத் தெற்கே நாங்கள் பறக்கவிடும் ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்திருந்தது. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலம், 400 அடிவரை பறக்கலாம். பையனுக்குப் பரீட்சை. தனியாகப் போகக் கூடாது என்று அவனிடம் நானே விதி போட்டிருந்தேன். என் விதி என்னைக் கட்டாது என்று நினைத்துக்கொண்டேன்.

வழக்கம்போல எல்லாவற்றையும் சோதித்தேன். இரண்டு விரலில் தூக்கிச் சமநிலை, இறக்கை ஸ்க்ரூ, ஏலரான், எலிவேட்டர், ரட்டர், மடங்கும் சக்கரம், பேட்டரி வோல்ட். நோட்டில் ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக். எனக்கென்று ஒரு ஃபார்ம் 700 வைத்திருக்கிறேன்.

வலது ரட்டர் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, கடல் காற்றை எதிர்த்துக் கிழக்கே கிளப்பினேன். அழகாக எழுந்தது. இரண்டு வட்டம் சுற்றினேன். மூன்றாவது வட்டத்தில் காற்று தள்ள, விமானம் என் தலைக்கு மேலாக மேற்கே போய்விட்டது. மாலையில் சூரியனுக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும். நான் திரும்பினேன். ஐந்து மணி வெயில் நேரே கண்ணில் இறங்கியது. விளக்கைச் சுற்றிப் புகை வளையம் தெரியுமே, அப்படி வானமே கலங்கிப் போயிற்று. அதற்குள் விமானம் இல்லை.

ஒரு விநாடி, இரண்டு விநாடி. கறுப்பாக வெளியே வந்தது. ஒரு இறக்கை தாழ்ந்திருந்தது. பச்சை இல்லை, பழுப்பு இல்லை, வட்டம் இல்லை, வெறும் நிழல். விலகிப் போகிறது என்று முடிவு செய்து அதற்கேற்ப குச்சியைத் தள்ளினேன். அது என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. தாழ்ந்த இறக்கை இன்னும் தாழ்ந்தது. மூக்கு கீழே திரும்பியது.

அப்போதுதான் கருவேல மரங்களின் நிழலில் ஆடுகளையும், அவற்றுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவையும் பார்த்தேன்.

இழுத்துப் பார்த்திருக்கலாம். ஒருவேளை நிமிர்ந்திருக்கும். ஆனால் சாய்ந்த விமானத்தை இழுத்தால் சாய்ந்த பக்கமே வளையும். அந்தப் பக்கத்தில்தான் அவர்கள் இருந்தார்கள். த்ராட்டிலை முழுக்க மூடி, குச்சியை முன்னால் தள்ளினேன். மரங்களுக்கு நாற்பது தப்படி இருக்கும்போதே வெட்டவெளியில் மூக்கு குத்தி விழுந்தது. ஆடுகள் சிதறி ஓடின. சத்தம் அடங்கின பிறகும் என் கை குச்சியைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

நான் ஓடிப் போவதற்குள் அந்த அம்மா முறிந்த இறக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"கண்ணு தெரியலியா ஐயா? ஆடு மேல வுழுந்திருந்தா என்னா பண்றது? எம் மேல வுழுந்திருந்தா?"

யாரையும் திட்ட நாம் சொல்லுகிற வார்த்தைதான். அவளுக்குத் தெரியாது, அன்று அது திட்டு இல்லை என்று. எட்டு மாதத்துக்கு முன்னாலேயே கண் மருத்துவர் இரண்டு கண்ணிலும் புரை என்று சொல்லியிருந்தார். வலது கண்ணில் முற்றியிருக்கிறது, தள்ளிப் போடாதீர்கள் என்றார். தள்ளிப் போட்டேன். மனைவியிடம் "கண்ணாடி பவர் மாறியிருக்காம்" என்றேன். பெரிய விமானம் வாங்கினதே அதற்கு முன்பே மங்கத் தொடங்கின கண்ணுக்காகத்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

அந்த அம்மாவிடம் கை கூப்பி மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் "மோட்டார் மக்கர் பண்ணிடுச்சு" என்றேன். பையனிடம் "சிக்னல் கட் ஆயிடுச்சுடா" என்றேன். அவன் முகத்தைப் பார்த்தால் நம்பின மாதிரி இல்லை. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

இரவு நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு வரி எழுதுவது பழக்கம். தேதி எழுதினேன், நேரம் எழுதினேன். 'விபத்துக்குக் காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. மோட்டார் என்று எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? அந்த நோட்டைப் படிப்பதே நான் ஒருவன்தான். ஆனாலும் எழுத வரவில்லை. மேலே பார்த்தேன். பதினாறு டிக். விமானத்தின் ஒவ்வொரு ஆணியையும் சோதித்திருக்கிறேன். ஓட்டுகிறவனைச் சோதிக்கவே இல்லை. படையில் பைலட்டுகளுக்கு வருஷா வருஷம் மருத்துவப் பரிசோதனை உண்டு. கண்ணில் குறை என்றால் எவ்வளவு பெரிய ஆளானாலும் தரையில் உட்கார வேண்டியதுதான். எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. நான்தான் என்றைக்கும் ஃபிட்டர் ஆயிற்றே!

'கண்' என்று ஒரே வார்த்தை எழுதினேன். நோட்டை மூடவில்லை. காலையில் மனைவி பார்க்கட்டும் என்று மேசைமேல் திறந்தே வைத்துவிட்டுப் படுத்தேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லாதவனுக்கு அதுதான் வழி.

காலையில் காபி கொண்டுவந்தவள் ஒன்றும் திட்டவில்லை. "எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு மாத இடைவெளியில் இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் ஆயிற்று. முதல் கட்டைப் பிரித்த அன்று என் வேட்டியைப் பார்த்து, "புதுசா?" என்று கேட்டேன். பழைய வேட்டிதான். வெள்ளை என்றால் என்ன என்பதே மறந்து போயிருந்தது.

டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு பையனும் நானும் சேர்ந்து விமானத்தைச் சரி செய்தோம். அவனிடமும் உண்மையைச் சொன்னேன். "தெரியும் தாத்தா" என்றான். மூக்குக்கு வெந்நீர், முறிந்த இறக்கைக்குள் கார்பன் குழாய், மேலே பசை. எடை கொஞ்சம் கூடிவிட்டது. கிட்டே பார்த்தால் தழும்பு தெரியும். இறக்கைக்கு அடியில் கறுப்பு வெள்ளைப் பட்டையை நானே அடித்தேன். அசலில் அதை எதற்கு அடித்தார்கள் தெரியுமா? வேகத்தில் அடையாளம் தெரியாமல் சொந்தக்காரனே சுட்டுவிடக் கூடாது என்று. பர்மாவோ நார்மண்டியோ, எனக்கு அது பொருந்தும்.

நோட்டில் இப்போது பதினேழு கட்டங்கள். முதல் கட்டம் எனக்கு. தூக்கம், மாத்திரை, கண், பக்கத்தில் ஆள். அந்தக் கட்டத்தில் டிக் போடுவது நான் இல்லை, பையன். அவன் வராத நாளில் விமானம் கொக்கியிலேயே இருக்கும்.

இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. ஏரிக்குப் போனதும் முதலில் அந்த ஆட்டுக்கார அம்மா எங்கே இருக்கிறாள் என்று தேடிப் போய்ச் சொல்லிவிடுவோம். ஆடுகளை அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து அவளும் வேடிக்கை பார்ப்பாள். போகும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி கேட்பாள்.

"இன்னிக்குக் கண்ணு நல்லாக் கீதா ஐயா?"

"நல்லா இருக்கும்மா" என்பேன். அவள் பையன் பக்கம் திரும்பி, "நீ சொல்லு தம்பி" என்பாள்.