நடுவில் ஒரு லினக்ஸ் பெட்டி

பழைய மேக், டாஸ் கம்ப்யூட்டர், விண்டோஸ் 98 எல்லாவற்றையும் ஒரே நெட்வொர்க்கில் சேர்க்கச் சொல்லி அச்சகக்காரர்கள்தான் அதிகம் கூப்பிடுகிறார்கள். எப்போதோ பேஜ்மேக்கரில் கோத்த புத்தகத்துக்கு மறுபதிப்பு வேண்டும். ஃபைல் அந்த மேக்கில் மாட்டிக்கொண்டிருக்கும். பென்டிரைவ் போடலாமே என்பார்கள். அந்த மெஷினில் யூஎஸ்பியே கிடையாது. மேக்கின் 800 கேபி ஃப்ளாப்பியைச் சாதாரண பிசி டிரைவ் படிக்கவும் படிக்காது. ஆக, வயர் இழுத்துத்தான் ஆகவேண்டும்.

"கேபிள் எவ்வளவு சார் வேணும்?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. கேபிள் இதில் மிகச் சின்ன வேலை. பழைய கோஆக்சியல் கேபிள் ஓடும் இடமானால் எனக்கு இன்னும் நிம்மதி. இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர். எல்லா மெஷினையும் அணைத்துவிட்டு நடுவில் எங்காவது மீட்டர் வைத்தால் 25 ஓமுக்குப் பக்கத்தில் காட்டவேண்டும். 50 காட்டினால் ஒரு முனை கழன்றிருக்கிறது, அல்லது வழியில் கேபிள் அறுந்திருக்கிறது. கோஆக்சியலும் புது வகைக் கேபிளும் இரண்டுமே செருகக்கூடிய பழைய ஹப் ஒன்று கிடைத்தால் இரண்டு தலைமுறையும் இணைந்துவிடும். ஈதர்நெட் துளையே இல்லாத மேக்குக்கு லோக்கல்டாக் என்ற பழைய இணைப்பு. அதன் வேகம் நொடிக்கு 230.4 கிலோபிட், ஒரு எம்பி போய்ச்சேர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகட்டும்.

மீட்டர் உதவுவது இதுவரைதான். ஒரே வயரில் இருந்துகொண்டே ஒன்றையொன்று பார்க்காத மெஷின்கள் உண்டு. நெட்வேர் என்ற பழைய சர்வர் மென்பொருள் இதில் பேர்போனது: 3.11 வரை ஈதர்நெட் பொட்டலத்தை ஒரு விதமாகக் கட்டியது, 3.12 முதல் இயல்பு அமைப்பே வேறு. பழைய டாஸ் மெஷின் முதல் விதத்திலும் சர்வர் இரண்டாவதிலும் இருந்தால், கார்டில் விளக்கு அழகாக மினுக்கும்; சர்வர் மட்டும் கண்ணில் படாது. விண்டோஸின் 'நெட்வொர்க் நெய்பர்ஹுட்' இதற்கு நேரெதிர். பிளக்கைப் பிடுங்கிய மெஷினை அரைமணி நேரம் கழித்தும் இருப்பதாகவே காட்டும், ஏனென்றால் மூன்று அறிவிப்பு தவறிய பிறகுதான் பட்டியலிலிருந்து எடுக்கும். ஒவ்வோர் அறிவிப்புக்கும் இடைவெளி 12 நிமிடம். அந்தப் பட்டியலை நான் நம்புவதே இல்லை.

ஒவ்வொரு கிழட்டு மெஷினுக்கும் புது டிரைவர் தேடிப் போட்டு அதை நவீனமாக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அவை எப்படி வேலை செய்து பழகினவோ அப்படியே இருக்கட்டும். நடுவில் ஒரு லினக்ஸ் பெட்டி உட்கார்ந்து அவரவர் பாஷையில் பேசட்டும். விண்டோஸுக்கு சாம்பா, மேக்குக்கு நெட்டாடாக், டாஸுக்கு எஃப்டிபி. ஒரே ஃபோல்டருக்கு மூன்று வாசல். சாம்பாவே இப்படி ஒரு தேவையில் பிறந்ததுதான். 1991 இறுதியில் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், தன் டாஸ் பிசிக்கு யூனிக்ஸ் மெஷினின் டிஸ்க் வேண்டும் என்று, வயரில் போகும் பொட்டலங்களை வேவு பார்த்தே எஸ்எம்பி என்ற ஃபைல் பகிர்வு நெறிமுறையைப் புரிந்துகொண்டு அதை எழுதினார்.

இன்றைய சாம்பாவைப் போட்டால் விண்டோஸ் 98 உள்ளே வராது. 2019இல் வந்த 4.11 முதல் அந்த நெறிமுறையின் பழைய வடிவமான எஸ்எம்பி-1 இயல்பாக மூடியிருக்கிறது, நாம்தான் திறக்கவேண்டும். மூடியதற்கு நியாயமான காரணம் உண்டு. 2017இல் வான்னாக்ரை என்ற தீநிரல் புகுந்தது அந்த வழியாகத்தான். அதனால் பெட்டியில் இரண்டு நெட்வொர்க் கார்டு: ஒன்று கிழங்களுக்கு, ஒன்று வெளியே. இரண்டுக்கும் நடுவே எதுவும் கடக்கக்கூடாது. நெட்டாடாக்கிலும் பதிப்பு பார்க்கவேண்டும். 2012இல் வந்த மூன்றாம் பதிப்பு ஆப்பிள்டாக் என்ற பழைய நெறிமுறையை நீக்கிவிட்டது. பழைய மேக் பேசுவது அதை மட்டும்தான் என்பதால் இரண்டாம் பதிப்பையே நான் வைத்திருக்கிறேன்.

ஃபைல் வந்துசேர்ந்ததும் அச்சகக்காரர் முகத்தில் சந்தோஷம். எனக்கு அப்போதுதான் கவலை ஆரம்பிக்கும். பழைய மேக்கில் ஒரு ஃபைலுக்கு இரண்டு பாகம். ஃபான்ட் முழுக்க 'ரிசோர்ஸ்' என்ற இரண்டாம் பாகத்தில்தான் இருக்கும். விண்டோஸ் டிஸ்க்கில் அப்படியே காப்பி செய்தால் பெயர் இருக்கும், அளவு பூஜ்யம் பைட். நெட்டாடாக் அந்தப் பாகத்தைத் தனியே ஒரு மறைவு ஃபோல்டரில் வைத்துக் காப்பாற்றுகிறது. விண்டோஸ் பக்கம் உட்காரும் பையன் அதைக் குப்பை என்று நினைத்து அழிக்காமலிருக்க, சாம்பா வாசலில் அது கண்ணிலேயே படாதபடி செய்துவிடுவேன்.

அடுத்தது எழுத்து. யூனிகோடு பரவுமுன் பல தமிழ் ஃபான்ட்கள் 128க்கு மேலுள்ள இடங்களில் ஆளுக்கொரு அடுக்கில் எழுத்துகளை வைத்திருந்தன. 1999 சென்னைத் தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று அரசுத் தரம் வந்தும் பழைய ஃபைல்கள் பழையபடியே கிடந்தன. அதே இடங்களில் ஐரோப்பிய எழுத்துகளுக்கு மேக்கில் ஒரு வரிசை, விண்டோஸில் வேறு வரிசை. பிரெஞ்சு எழுத்து ஒழுங்காக வரட்டும் என்ற நல்லெண்ணத்தில் சில மென்பொருள்கள் ஒன்றை மற்றதாக மாற்றிக் கொடுக்கும். தமிழுக்கு அந்த உதவியே உலை. ஃபைல் பிழையின்றித் திறக்கும், பாதி எழுத்து வேறாக இருக்கும். அதனால் டெக்ஸ்ட் ஃபைலானாலும் எந்த மாற்றமும் வேண்டாம், பைட்டுக்குப் பைட் அப்படியே வரட்டும் என்று வைத்துவிட்டு, யூனிகோடு மாற்றத்தைக் கடைசியில் லினக்ஸில் செய்கிறேன். எந்த ஃபான்ட் என்று தெரிந்த பிறகுதான் அதையும்.

மாற்றிய பிறகும் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. சற்றுப் பிந்தைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்கில் 'கொடை' என்று பெயர் வைத்தால் ஒகரக் குறியை இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். லினக்ஸில் விசைப்பலகையில் அடித்த 'கொடை' ஒரே குறி. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது. மெஷின் மாறும்போது அந்தப் பிரிப்பைச் சரிசெய்ய வழி இருக்கிறது, ஆனால் எல்லாப் பிரதியும் அந்த வழியாகவே போகும் என்று சொல்லமுடியாது. டாஸ் வேறு எட்டெழுத்துக்கு மேல் பெயரை ஏற்காது. ஆகவே ஃபைலுக்கு எட்டுக்குள் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும். எது எந்தப் புத்தகம், எந்த ஃபான்ட், எந்த மெஷினிலிருந்து வந்தது என்பதைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதி லினக்ஸ் பெட்டியின் மேலேயே வைத்துவிட்டு வருகிறேன்.