ஈ ஓட்டும் பை

பை என்றதும் கையிற் கொண்டு செல்லும் பையென எண்ணிவிடாதீர்கள். கோதுமை மாவைப் பிசைந்து விரித்துத் தட்டிலிட்டு, அதனுள்ளே பழமோ பாகோ இறைச்சியோ நிரப்பிப் போறணையிற் சுட்டெடுக்கும் பண்டத்துக்கு மேல்நாட்டார் இட்ட பெயர் அது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்ரர்ப் பகுதியில் அவ்வகையில் மிக எளியதொன்று உண்டு. ஷூபிளைப் பை என்பர். ஈ ஓட்டும் பை என்பது பொருள். 2019ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அதனை மறுக்கும் சங்கடமும் உண்ணும் வாய்ப்பும் எனக்கு அடுத்தடுத்து நேர்ந்தன.

பிலடெல்பியாவிலிருந்து மேற்கே ஏறத்தாழ 70 மைல். நகரம் மறைந்ததும் பனி மூடிய வயல்கள், வெண்ணிறப் பண்ணை வீடுகள், தெருவோரமாய்ச் செல்லும் சாம்பல் நிறக் குதிரை வண்டிகள். மோட்டார் வண்டி வைத்திராத அமிஷ் மக்களின் வாகனங்கள் அவை. வில்லியம் பென் 1681இல் அரச பட்டயம் பெற்று நிறுவிய குடியேற்றத்தில் மதச் சுதந்திரம் உண்டெனக் கேள்விப்பட்டுச் சுவிற்சலாந்திலும் ஜேர்மன் நாட்டிலுமிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் இவர்கள். மெனோனைற் குடும்பங்கள் லங்காஸ்ரர்ப் பகுதியிற் குடியேறத் தொடங்கியது 1710இல். 'டொய்ச்' என்று அவர்கள் தம்மைக் கூற, அயலார் வாயில் அது 'டச்சு' ஆயிற்று. ஆதலால் பென்சில்வேனிய டச்சுக்காரர் எனப்படுவோர் ஒல்லாந்தர் அல்லர். ஒல்லாந்தரை நன்கறிந்த நமக்கு இம்மயக்கம் எளிதில் ஏற்படும்.

லங்காஸ்ரர் நகர் நடுவே 1889இல் எழுப்பிய செங்கற் சந்தைக் கட்டடம் இன்றும் சந்தையாகவே இயங்குகின்றது. அங்கே ஊறுகாய்ப் போத்தல்களுக்கும் கிழங்கு வகைகளுக்கும் பக்கத்தில் இப்பை அடுக்கியிருக்கக் கண்டேன். மாரியின் கடைக்கூற்றில் சேமித்த பழங்கள் தீர்ந்துவிடும்; குளிர்நாளிற் கோழிகளும் முட்டையிடுவது குறைவு. நிலவறையில் எஞ்சியிருப்பவை மாவும் கொழுப்பும் கரும்பாகும். அம்மூன்றையும் கொண்டு பிள்ளைகளுக்கு ஓர் இனிப்புச் செய்துகொடுக்க எண்ணிய தாய்மாரின் கைவேலையே இது.

கரும்பாகு என்பது கரும்புச் சாற்றிலிருந்து சீனியைப் பிரித்தபின் எஞ்சும் கரிய பாகு. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பீப்பாய்களில் வந்திறங்கியது, சீனியிலும் மலிவானது. 1733இல் பிரித்தானியர் பிறநாட்டுத் தீவுகளின் கரும்பாகுக்குக் கலனொன்றுக்கு 6 பென்ஸ் வரி விதித்தனர். சிக்கனத்துக்குப் பேர்போன இக்குடியானவரின் மலிவான இனிப்புக்கு, அத்தீவுகளில் அடிமைகள் வடித்த வியர்வையே விலையாயிற்று என்பதையும் மறத்தல் தகாது.

நான் தங்கியது மூதாட்டி ஒருவர் நடத்திய விடுதி வீடு. முதல் நாட் காலையிற் கோப்பியோடு பையும் மேசைக்கு வந்தது. அங்கே இது காலையுணவு. எனக்கோ ஐயம். “மேலோட்டுக்கு என்ன கொழுப்புச் சேர்த்தீர்கள்?” என்று வினவினேன். “பன்றிக் கொழுப்புத்தான். என் தாயாரும் அதைத்தான் சேர்ப்பார்” என்றார் பெருமையோடு. மச்சம் மாமிசம் உண்ணாத வழக்கத்தை எடுத்துரைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் சற்று வாடியது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று முழுவதும் வயல்வெளிகளைப் பார்த்துத் திரிந்தபோதும் அந்த முகமே நினைவில் நின்றது.

மறுநாள் விடியற்காலையில் அவரே குசினிக்கு அழைத்தார். மேசையில் ஒரு கட்டி வெண்ணெய் இருந்தது. அதனை மாவோடு பிசைந்து, உருட்டி, தட்டிற் பரப்பினார். ஒன்றரைக் கோப்பை மாவும் அரைக் கோப்பை பழுப்புச் சீனியும் சிறிது வெண்ணெயும் சேர்த்து விரல் நுனியால் உதிர்த்துப் பொடியாக்கினார். ஒரு கோப்பைக் கரும்பாகில் முக்காற் கோப்பை வெந்நீரும் சிறிது அப்பச்சோடாவும் இட்டதும் அது பொங்கி நுரைத்தது. கரும்பாகிலுள்ள புளிப்போடு சோடா சேர்வதால் எழும் வாயு அது. முட்டையில்லாமலே பண்டத்தை மிருதுவாக்குவது அதுவே. பாகை ஊற்றி, மேலே பொடியைத் தூவி, முக்கால் மணி நேரம் வரையிற் சுட்டார். வெந்தபின் அடியில் ஈரப் பாகு, நடுவிற் கேக்கு, மேலே மொறுமொறுப்பு என மூன்று படைகள்.

இதன் மூலம் 1876இல் அமெரிக்கச் சுதந்திர நூற்றாண்டையொட்டித் தோன்றிய கேக்கு வகை என உணவு வரலாற்றாசிரியர் சிலர் கூறுவர். பெயர்க்காரணம் பாகை மொய்க்கும் ஈக்கள் என்பது ஊர்ப்பேச்சு. மாரிகாலத்தில் ஈ ஏது என்று கேட்டேன், மூதாட்டி நகைத்தார்.

பை ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தோம். “வெண்ணெயை நாங்கள் சந்தைக்கு அனுப்பிவிடுவோம். அது காசு. கொழுப்பு வீட்டுக்கு. வெண்ணெய் சேர்த்து இந்தப் பையை என் தாயார் செய்ததேயில்லை” என்றார்.

எனது ஆசாரம் என் வீட்டிற் சிக்கனமானது. அவர் வீட்டிலோ அதுவே செலவாகிவிட்டதென்று அப்பொழுதுதான் உறைத்தது. வெண்ணெய்க்குப் பணம் தர முயன்றேன். அவர் அதனைக் காதில் வாங்காதவர்போற் பெரியதொரு துண்டை வெட்டி என் தட்டில் வைத்துவிட்டு, கரும்பாகுப் போத்தலின் அடியில் ஒட்டியிருந்ததற்குச் சிறிது வெந்நீர் வார்த்துக் குலுக்கி, தமது கோப்பியில் ஊற்றிக்கொண்டார்.