ஹேஷுக்கு எத்தனை ஜிபி? போத்தனூர் செஸ் வகுப்பில் ஒரு மாலை

செஸ் இன்ஜின் ஒரு நிலையை ஆராய்ந்து முடித்ததும், அதன் மதிப்பையும் சிறந்த நகர்வையும் ரேமில் குறித்துவைக்கிறது. இந்தக் குறிப்பேட்டுக்குப் பெயர் ஹேஷ் டேபிள். வேறொரு நகர்வு வரிசையில் அதே நிலை மறுபடி வந்தால், கணக்கை முதலிலிருந்து போடாமல் பழைய குறிப்பை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு நிலைக்கும் ஓர் அடையாள எண் தரும் முறையை 1970-இல் ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் வகுத்தார்.

போத்தனூரில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித்தரும் பயிற்சியாளர் ஒருவர் ஒரே நிலை வெவ்வேறு வரிசையில் வருவதை ஊர் வழியிலேயே விளக்குகிறார்: “காந்திபுரத்துக்கு உக்கடம் வழியாவும் போலாம், நஞ்சுண்டாபுரம் வழியாவும் போலாம் கண்ணு. போய்ச் சேர்ற எடம் ஒண்ணுதான்.”

அவர் மேசையில் இருப்பது 8 ஜிபி ரேம் கொண்ட சாதாரண லேப்டாப். அதில் ஓடுவது இலவச இன்ஜினான ஸ்டாக்ஃபிஷ். நிறுவியதும் அதன் ஹேஷ் அளவு 16 எம்பி மட்டுமே. மூன்று நிலைகளுக்கு 32 பைட் என்ற கணக்கில் அதில் சுமார் 15.7 லட்சம் நிலைகள் அடங்கும். விநாடிக்குப் பல லட்சம் நிலைகளைப் பார்க்கும் இன்ஜினுக்கு அது சிறிது நேரத்தில் நிரம்பிவிடும். 1 ஜிபி கொடுத்தால் 10 கோடி நிலைகள் அடங்கும்.

எவ்வளவு நிரம்பியது என்பதை இன்ஜினே ‘ஹேஷ்ஃபுல்’ என்று ஆயிரத்துக்கு இத்தனை எனக் காட்டுகிறது. யோசனை முடியும் முன்பே அது ஆயிரத்தை நெருங்கினால் அளவைக் கூட்டலாம். பிளிட்ஸ் ஆட்டத்துக்குச் சில நூறு எம்பி போதும். ஒரே நிலையை மணிக்கணக்கில் அலசுவதற்குத்தான் பல ஜிபி தேவை.

ரேம் முழுவதையும் கொடுப்பது தவறு. விண்டோஸுக்கு இடம் போதாவிட்டால் நினைவகத்தின் ஒரு பகுதி டிஸ்குக்குப் போய்விடும், வேகம் சரிந்துவிடும். 8 ஜிபி இயந்திரத்தில் 2 ஜிபி ஹேஷ் பாதுகாப்பான அளவு. இரண்டு இன்ஜின்களைச் சேர்த்து ஓட்டினால் ஒவ்வொன்றும் தனித்தனியே ரேம் எடுக்கும் என்பதால் அந்த 2 ஜிபியைப் பங்கிட வேண்டும்.

இறுதியாட்ட நிலைகளின் முடிவுகளை முன்கூட்டியே கணித்து வைத்திருக்கும் ஸிஸிஜி அட்டவணைகளின் கணக்கு வேறு. 5 காய்கள் வரையிலான தொகுப்பு சுமார் 1 ஜிபி; 6 காய்களுக்கு 150 ஜிபி அளவில் போகும். இவை டிஸ்கில் இருப்பவை. எஸ்எஸ்டியில் வைத்தால் விரைவாகப் படிக்கும். அடிக்கடி தொடும் பகுதிகளை விண்டோஸ் காலி ரேமில் வைத்துக்கொள்ளும். அதற்காகவும் கொஞ்சம் ரேம் மிச்சம் இருக்க வேண்டும்.

ரேம் எவ்வளவு இருந்தாலும், மாணவர் தன் ஆட்டத்தைத் தானே அலசி நோட்டில் எழுதிய பிறகுதான் போத்தனூர் வகுப்பில் இன்ஜின் திறக்கப்படுகிறது. உலக சாம்பியன் குகேஷும் ஏறத்தாழ 2500 ரேட்டிங் எட்டும்வரை, பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவின் சொல்படி, இன்ஜின் இல்லாமலே வளர்ந்தவர். ஹேஷை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் கூடுதல் பலம் சிறியது. எனவே பிள்ளையின் செஸ்ஸுக்காகப் புது லேப்டாப் வாங்கும் முன், இருக்கும் லேப்டாப்பில் அந்த 16 என்ற எண்ணை மாற்றிப் பாருங்கள்.