அரைமண்டியில் ஒன்பது நிமிடம்

நடனம் படிக்கும் பிள்ளைகளிடம், "சொந்தமா ஒண்ணு செஞ்சு கொண்டு வா" என்றால் முதலில் திகைத்துப் போகிறார்கள். சின்ன வயதிலிருந்து தட்டுக்கழியின் ஓசைக்குக் கால் வைத்துப் பழகியவர்கள் அவர்கள். எந்த ஜதிக்குப் பிறகு எந்த அடவு, எந்த இடத்தில் கண் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் உடம்பில் ஏறிக் கிடக்கும். அதில் எதையும் அவர்கள் முடிவு செய்ததில்லை. நட்டுவனார் அமைப்பார், ஆடுகிறவர் ஆடுவார் என்பதுதான் வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் சீர்ப்படுத்திய கச்சேரி வரிசையைத்தான் இன்றைய அரங்கேற்றங்களிலும் பார்க்கிறோம். 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கியபின் நடனம் பள்ளிக்கூடப் பாடமானது. பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் எல்லாம் வந்தன. ஆனாலும் மாணவர் என்றால் கற்றதைப் பிசகாமல் திருப்பித் தருகிறவர் என்ற எண்ணம் மட்டும் லேசில் போகவில்லை.

அதனால்தான் சென்னைக்குத் தெற்கே இருக்கும் ஒரு நுண்கலைக் கல்லூரியில், பரதநாட்டிய இறுதியாண்டுப் பிள்ளைகள் தனியாகவோ குழுவாகவோ ஒரு படைப்பைத் தாங்களே அமைத்து ஆட வேண்டும் என்று கேள்விப்பட்டதும் ஒத்திகை பார்க்கப் போனேன். பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். தலைப்பு அவரவர் விருப்பம். இசையும் ஆடையும் அவரவர் பொறுப்பு, செலவும்தான். பட்டில் தைத்த உடைக்கும் நேரடி வாத்தியத்துக்கும் யாரிடமும் காசில்லை. பயிற்சிப் புடவையும் கைப்பேசியில் வெட்டி ஒட்டிய ட்ராக்குமாகத்தான் பெரும்பாலும் ஓடுகிறது.

ஒத்திகைக் கூடத்தில் நிலைக்கண்ணாடி இல்லை. சிமெண்டுத் தரை. ஓரத்தில் குவித்துப் போட்ட சலங்கைகள், தண்ணீர் பாட்டில்கள், முழங்காலுக்குக் கட்டும் பட்டைகள். சிமெண்டுத் தரையில் தட்டித் தட்டி இருபது வயதிலேயே முழங்கால் வலிக்கிறது என்று இந்தப் பிள்ளைகள் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள்.

தலைப்புகளைக் கேட்டால் செய்தித்தாளைப் புரட்டுவது போல இருந்தது. பெண் சிசுக்கொலை, ஏரி ஆக்கிரமிப்பு, கைப்பேசி அடிமைத்தனம், நீட் தேர்வு, சாதி ஆணவக் கொலை. இவற்றில் பாதிக்கு மேல் எனக்கு ஒட்டவில்லை என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. கையை வயிற்றில் வைத்தால் கர்ப்பிணி, இரண்டு கையையும் மேலே தூக்கினால் நியாயம் கேட்கிறாள், தரையில் விழுந்தால் செத்துவிட்டாள். விஷயம் பெரிதாகப் பெரிதாக உடம்புக்கு வேலை குறைந்துகொண்டே போகிறது. நடன அமைப்பு வகுப்பை நடத்தும் ஆசிரியை இதை வேறு விதமாகச் சொன்னார்: "தலைப்பு எல்லாருக்கும் அரை நாள்ல கெடைச்சிடும். அந்தத் தலைப்புக்குக் கால் என்ன பண்ணுதுன்னு கண்டுபிடிக்கத்தான் ஒரு செமஸ்டர்."

அவர் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். "கால் என்ன பண்ணுது?"

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவியிடம் அதைக் கேட்டபோது நானும் இருந்தேன். அவளுடைய அக்கா பத்தாம் வகுப்பு முடித்ததும் தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்கு வேலைக்கு வந்தவர். கடையே நடத்தும் விடுதியில் தங்கியிருக்கிறார். தங்கை நடனம் படிப்பது அந்தச் சம்பளத்தில். தெற்கு மாவட்டங்களிலிருந்து இப்படி வந்து நிற்கிறவர்களின் வாழ்க்கையை வசந்தபாலன் 2010இல் 'அங்காடித் தெரு'வில் காட்டினார். அந்தப் படத்தை இவளும் பார்த்திருக்கிறாள். அதனாலோ என்னவோ, முதல் வடிவத்தில் ஒரு சினிமா இருந்தது. புடவையை வீசி விரிப்பது, வாடிக்கையாளர் உதடு பிதுக்குவது, கண்காணிப்பாளர் திட்டுவது, நாயகி கண்ணீர் துடைப்பது என்று எல்லாமே கையிலும் முகத்திலும் நடந்தன. அபிநயம் நன்றாகவே இருந்தது. ஆசிரியை கடைசிவரை பார்த்துவிட்டுக் கேட்டார். "உங்க அக்காகிட்ட கேளு, எது வலிக்குதுன்னு."

அடுத்த வாரம் பதில் வந்தது. "கை வேலை ஒண்ணுமே இல்லையாம் மிஸ். நாள் பூரா நூறு சேலைகூட விரிச்சுப் போடுவாங்களாம். காலுதானாம். ஆள் இல்லாத நேரத்துலயும் நிக்கணும்ல."

அங்கிருந்துதான் அந்தப் படைப்பு பிறந்தது. நெடுநேரம் நிற்கிறவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்று அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடைக்குள் சுற்றிப் பார்த்திருக்கிறாள். எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுகிறார்கள். செருப்பிலிருந்து ஒரு பாதத்தை மட்டும் உருவி மறுகால் ஆடுசதையில் தேய்த்துக்கொள்கிறார்கள். கண்காணிப்பாளரின் முதுகு தெரிந்தால் கல்லாமேசையில் இடுப்பைச் சாய்க்கிறார்கள். இந்த எடை மாற்றத்தை அவள் மிஸ்ர சாபில் வைத்தாள். ஏழு எண்ணிக்கை, மூன்றும் நான்குமாகப் பிரிகிற தாளம். ஒரு கால் எப்போதும் மறுகாலைவிடக் கூடுதலாகத் தாங்கும். நொண்டுகிற மாதிரியும் இருக்கும், நொண்டவில்லை என்று சாதிக்கிற மாதிரியும் இருக்கும்.

பிறகு அரைமண்டி. பரதநாட்டியத்தின் அடிப்படை நிலை அது. குதிகால்கள் சேர்ந்து, முழங்கால்கள் இருபுறமும் விரிந்து மடங்கி, உடம்பின் பாரமெல்லாம் தொடையில் இறங்கும். அதில் இருப்பவர் நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. ஒன்பது நிமிடப் படைப்பில் பெரும்பகுதி அவள் அந்த நிலையை விட்டு எழவே இல்லை. இறங்கி முழுமண்டிக்குப் போகப் பார்க்கும்போதெல்லாம் ஒரு தாளச் சத்தம், ஒற்றை ஜால்ரா. உடனே பழைய உயரத்துக்கு வந்துவிடுகிறாள். மேடையின் ஒரு மூலையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதை அவள் தொடுவதே இல்லை.

ஸ்டூலுக்கு ஒரு கதை உண்டு. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவை சட்டத்திருத்தம் நிறைவேற்றியது. கேரளம் 2018இலேயே அதைச் செய்திருந்தது. தமிழ்நாடு திருத்தியது 1947ஆம் ஆண்டின் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தை. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைச் சென்னை மாகாணம் தடை செய்ததும் அதே 1947இல்தான். ஒரு சட்டம் இந்த நடனத்தை ஆடிவந்த பெண்களின் வாழ்வை மாற்றியது. இன்னொன்றில் எழுபத்து நான்கு வருடம் கழித்து ஒரு முக்காலி சேர்ந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என் பழக்கதோஷம், அந்தப் பெண்ணின் படைப்பில் அது இல்லை. அவள் அக்கா சொன்னது ஒன்றே ஒன்று: "ஸ்டூல் இருக்கு. ஆனா யாரும் முதல்ல உக்கார மாட்டாங்க."

ஐந்தாவது நிமிடத்தில் அவள் தொடை நடுங்க ஆரம்பித்தது. நடன வகுப்பில் அது குறை. நடுக்கம் தெரியாமல் சிரித்த முகத்தோடு ஆடத்தான் வருடக்கணக்கில் பழக்குகிறார்கள். அவளும் முதல் ஒத்திகைகளில் மறைக்கப் பார்த்தாள். பின்னால் பயிற்சிப் புடவையின் உயரத்தை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, நடுக்கம் பின்வரிசைக்கும் தெரியட்டும் என்று விட்டுவிட்டாள். அப்போது கூடத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. யாரும் கைப்பேசியை எடுக்கவில்லை.

ஒத்திகைகளுக்கு நடுவே ஆசிரியை பிள்ளைகளுக்கு நடனக் கலைஞர் சந்திரலேகாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் கற்றவர். 1952இல் அவருடைய அரங்கேற்றம் ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக நடந்தது. மேடையில் அவர் ஆடிக்கொண்டிருந்ததோ யமுனையின் நீர்வளத்தையும் தோழியர் நீராடுவதையும். தண்ணீரில்லாத மக்களுக்காகத் தண்ணீர் விளையாட்டை ஆடுகிறோமே என்று நடுவில் ஒரு கணம் உறைந்து போனதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். களரியையும் யோகத்தையும் பரதத்தோடு சேர்த்து, தேவர்களையும் நாயகிகளையும் விட்டுவிட்டு உடம்பையே பொருளாக்கிய அவருடைய 'அங்கிகா' 1985இல் வந்தது. பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்டார்கள். எனக்கோ அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவிலிருந்த தூரம்தான் உறுத்தியது. அவருக்குக் கிடைத்த முப்பது சொச்ச வருடம் எங்கே, இவர்களுக்குக் கொடுக்கிற ஐந்து மாதம் எங்கே?

பாதாளச் சாக்கடை மரணத்தை எடுத்துக்கொண்ட நான்கு பேர் குழுவுக்கு அந்த ஐந்து மாதம் போதவில்லை. பையன்கள் உழைத்தார்கள். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தைப் பார்த்தார்கள். கையால் மலம் அள்ளவைப்பதை 1993இலும், பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள் மனிதர்களை இறக்குவதை 2013இலும் சட்டம் தடை செய்ததையும், இறந்தவர் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் பத்து லட்சமென்றும் 2023இல் முப்பது லட்சமென்றும் சொன்னதையும் எனக்கே எடுத்துச் சொன்னார்கள். ஆனால் மேடையில் ஃபார்மேஷன் கச்சிதமாக இருந்தது. அதுதான் சங்கடம். நான்கு பேர் ஒரே கோணத்தில் குனிந்து, ஒரே எண்ணிக்கையில் ஒரு உடலைத் தூக்கி, பின்னணியில் பறை ஒலிக்க நடந்து போனார்கள்.

பறைதான் ஒரு சண்டையைக் கிளப்பியது. நால்வரில் ஒருவன் விழுப்புரம் மாவட்டத்துக்காரன். மூன்று வருடமாக அவன் பறை அடிப்பான் என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது. ட்ராக்கைக் கேட்டுக்கேட்டுப் பொறுக்காமல் ஒருநாள் வெடித்துவிட்டான்: "சாவுன்னா மட்டும் ஏன்டா பறை? எங்க ஊர்ல திருவிழாவுக்கு அடிக்கிற அடியைத்தான் நீ சாவுக்குப் போட்டிருக்க." பிறகு ஊரிலிருந்து பறையைக் கொண்டுவந்தான். கூடத்துக்கு வெளியே காகிதம் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியுமாக அவன் அடித்துக்கொண்டே காலை எடுத்து வைத்ததை மற்றவர்கள் அன்றுதான் பார்த்தார்கள். பறையாட்டத்திலும் காலடிக்கு அடவு என்றுதான் பெயர். அரைமண்டி இல்லை, முதுகு வளைகிறது, பாதம் தரையை அறைவதில்லை, அள்ளுகிறது. அந்தப் பத்து நிமிடம் அவர்கள் அமைத்த படைப்பைவிட நன்றாக இருந்தது. அதை அவர்களும் உணர்ந்தார்கள். உடலைத் தூக்குவதை எடுத்துவிட்டு, உள்ளே போனவனைக் காப்பாற்ற இரண்டாவதாக இறங்குகிறவன் மேல் கவனத்தைத் திருப்பினார்கள். நிஜத்திலும் பல சாவுகள் அப்படித்தான் நேர்கின்றன. முதல் ஆளைச் சாய்த்த விஷவாயு தேடிப் போனவரையும் சாய்த்துவிடுகிறது. சரியான திருப்பம்தான். ஆனால் தேர்வுக்குள் அது முதிரவில்லை. பறையடித்தவன் கடைசியில் பறை இல்லாமலே ஆடினான். நேரடி வாத்தியத்துக்கு மைக் வைக்க மேடையில் வசதியில்லை என்று காரணம் சொன்னார்கள்.

திருவையாற்றுப் பக்கத்துப் பெண்ணொருத்தி சமூகப் பிரச்சினை எதையும் எடுக்கவில்லை. அவளுடைய அப்பாயிக்கு நினைவு தப்பிக்கொண்டிருக்கிறது. ஆதி தாளத்தில் எளிய ஜதி ஒன்றை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சொல் உதிரும். தாளம் நிற்காது, அந்தச் சொல்லுக்குரிய கை வரும், கால் மட்டும் தட்டாது. கேட்க எளிது. ஆனால் நட்டுவாங்கம் செய்த தோழிக்கு நாக்கு கேட்கவில்லை. விட்டுப்போன சொல்லை அது தானாகவே சொல்லிவிடும். பலமுறை தடுக்கியபின், ஆடுகிறவள் விட்ட இடங்களையெல்லாம் அழகான கார்வைகளாக, எண்ணி விடுகிற இடைவெளிகளாக, ஆக்கிவிட்டாள். ஆசிரியை நிறுத்தினார். "கார்வைன்னா அது கணக்கும்மா. நீ விட்டுட்டு எண்ணிக்கிட்டிருக்க. அப்பாயி எண்ணுறாங்களா?"

அதற்கப்புறம் அந்தப் பெண் எந்தச் சொல் உதிர வேண்டும் என்பதைத் தோழியின் கையில் விட்டாள். எது வராது என்று ஆடுகிறவளுக்கே தெரியாது. அவள் கால் பாதியில் தயங்கி நிற்கிற சில இடங்கள் நடிப்பில் வராது.

தேர்வு நாளன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஜவுளிக்கடைப் படைப்பைப் பார்த்துவிட்டு, "ஐடியா நல்லா இருக்கு, அடவு சுத்தம் பத்தாது, தொடை நடுங்குது" என்று எழுதினார். நான் மதிப்பெண் போடுகிற ஆளில்லை. ஆனால் இந்தக் கூடத்தில் நான் பார்த்தவற்றில் உடம்பில் ஏறியிருந்தவை எல்லாம் வகுப்பில் குறையென்று திருத்தப்படுகிறவைதாம். நடுக்கம், சொல் மறதி, முதுகு வளைந்த நடை. சுத்தம் மட்டுமே இருந்தவை எனக்கு நினைவில் இல்லை.

இந்தப் படைப்புகளில் அநேகம் தேர்வோடு முடிந்துபோகும். படித்து முடிக்கிறவர்களில் பலர் பள்ளிக்கூடங்களில் நடன ஆசிரியராகப் போவார்கள். அங்கே ஆண்டுவிழாவுக்குச் சினிமாப் பாட்டு கேட்பார்கள். தென்காசிப் பெண் மட்டும் தன்னுடையதை விடுகிறதாக இல்லை. அவள் அக்காவால் தேர்வுக்கு வர முடியவில்லை. கல்லூரி நிகழ்ச்சி மாலை ஆறரைக்கு, கடை பூட்ட இரவு பத்தாகிவிடும். அதனால் விடுதியிலேயே ஆட வார்டனிடம் அனுமதி வாங்கியிருக்கிறாள், கடை திறப்பதற்கு முன்னால், காலையில். அதற்காகப் படைப்பைத் திரும்பவும் வெட்டிக்கொண்டிருந்தபோது பேசினேன்.

"ரெண்டு கட்டில் வரிசைக்கு நடுவுல எட்டடி நீளம், நாலடி அகலம்தான் மேம் இருக்கு. பக்கவாட்டு அடவெல்லாம் எடுத்துட்டேன். ஸ்டூல் வைக்கவும் எடமில்ல. பாக்குறவங்க கட்டில் மேலதான் உக்காரணும்."

குளிக்க வரிசையில் நிற்கிற நேரம் போக எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று கேட்டேன். அக்காவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.