திரேஸ்புரத்து வீட்டில் ஒரு சென்சார் சுவிட்ச்

தூத்துக்குடி டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் ஓர் எலக்ட்ரிக்கல் கடை. ஆள் வந்தால் எரிந்து, போனால் அணைகிற சென்சார் சுவிட்சுகள் நாலைந்து ரகம் இருந்தன. ஒன்றை எடுத்து அட்டையைப் படித்தேன். கொட்டை எழுத்தில் 1000 வாட்ஸ். அது பழைய குண்டு பல்புக்கான கணக்கு. அடியில் பொடி எழுத்தில், எல்.இ.டி.க்கு 200. ஃபேனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"லைட்டுக்கா, ஃபேனுக்கா அண்ணாச்சி? ஃபேனுக்குன்னா யோசிச்சு வாங்குங்க" என்றார் கடைக்காரர்.

சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட்ஸ்தானே என்று தோன்றும். ஆனால் உள்ளே மோட்டார் வைண்டிங் இருக்கிறது. கரண்டைத் துண்டிக்கும் நொடியில் அதிலிருந்து வோல்டேஜ் எகிறி, சுவிட்சின் ரிலே முனைகளில் பொறி பறக்கும். நாள்தோறும் இப்படிப் பொறி பறந்து முனைகள் ஒட்டிக்கொண்டால் பிறகு அணையவே அணையாது.

ஃபேனுக்கு சென்சார் மாட்டிய வீடு ஒன்றைப் பார்க்க, கடைக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் தம்பியுடன் திரேஸ்புரம் போனேன். சங்கு குளிப்பவர் வீடு. முத்துக்குளிப்பு நின்று 60 வருடத்துக்கு மேலாகிவிட்டது. சங்குக்கு இன்னும் இறங்குகிறார்கள். கடலிலிருந்து வந்த மனிதர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் வாசலில் நிற்கும்போதே ஃபேன் நின்றுவிட்டது. சுவரில் இருந்தது பி.ஐ.ஆர். சென்சார். உடம்புச் சூடு இடம் மாறினால்தான் அதற்குத் தெரியும். அசையாமல் படுத்திருப்பவர் அதன் கணக்கில் இல்லை. சித்திரை வெயிலில் சுவரும் தரையும் உடம்புச் சூட்டை நெருங்கும்போது, நடந்து வருகிறவரைக்கூடச் சரியாகக் கண்டுகொள்ளாது.

மைக்ரோவேவ் சென்சார் போடலாமே என்றால், அது சுற்றுகிற இறக்கையையே ஆள் நடமாட்டமாக எடுத்துக்கொள்ளும். ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். மெல்லிய கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பவரையும் பிடிக்கும்.

இதையெல்லாம்விட என்னைக் கலக்கியது வேறு. உப்புக்காற்றில் இறக்கையில் பிசுபிசுவென்று அழுக்கு ஏறுகிறது. வீட்டு அக்கா அடிக்கடி ஸ்டூல் போட்டுத் துடைப்பாராம்.

"மெயின நிறுத்திட்டுதான ஏறுதிய?" என்று தம்பி கேட்டார்.

"அதான் ஃபேன் ஓடலையே தம்பி."

ஸ்டூலில் ஏறிக் கையை நீட்டினாலே சென்சாருக்குப் போதும். முகத்துக்கு நேரே இறக்கை சுற்றத் தொடங்கும்.

மெயினை இறக்கி, டெஸ்டரால் சோதித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார் தம்பி. திருகுகளில் பச்சைக் களிம்பு. சென்சாரை ஃபேஸில் கொடுக்காமல் நியூட்ரலில் கொடுத்திருந்தார்கள். ஃபேன் நின்றிருந்தாலும் கரண்ட் அதுவரை வந்து நிற்கும். சென்சாரைக் கழற்றி ஃபேனுக்குப் பழையபடி சுவிட்சும் ரெகுலேட்டரும் மாட்டினார். சென்சார் மாடிப்படி லைட்டுக்குப் போனது, அதற்கு முன்னால் ஒரு கை சுவிட்சோடு. அங்கே நியூட்ரல் வயர் இல்லாததால் புதிதாக இழுத்தார். நியூட்ரல் இல்லாமல் இரண்டே வயரில் ஓடும் சென்சாரில் கரண்ட் கசிந்து, அணைத்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக மினுக்கும்.

மாடிப்படி, கழிவறை, நடை ஆகியவற்றின் லைட்டுக்கு சென்சார் தாராளமாக வாங்குங்கள். எல்.இ.டி.க்கான வாட்ஸைப் பாருங்கள். வாசலுக்கும் மொட்டை மாடிக்கும், தூசியும் மழையும் புகாத ஐ.பி. 65 என்று போட்டதைக் கேளுங்கள். மெயினில், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் முதலில் அதை மாட்டுங்கள். படுக்கிற அறை ஃபேனுக்கு சென்சார் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே மாட்டியிருந்தால், மெயினை இறக்காமல் யாரையும் ஸ்டூலில் ஏறவிடாதீர்கள்.